பினாங்குத் துறையில் ஒரு பாரசீகச் சொல்

1

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பாரசீகத்தை வைத்து என்னதான் செய்கிறாய் என்று ஊரிலிருந்து சிநேகிதிகள் எழுதிக் கேட்கிறார்கள். சிலர் கேலியாக, சிலர் அக்கறையாக. இந்தத் தர்காக் கந்தூரியோடு நாங்கள் இங்கே கப்பல் இறங்கி ஒன்பது வருஷம் நிறைகிறது. இத்தனை நாளாகப் பதில் சொல்லாமல் தள்ளி வந்த கேள்விக்கு இந்த வருஷம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். என் அத்தா, அதாவது தகப்பனார், திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் பாரசீகம் கற்பிக்கிறவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே பாரசீக இலக்கணமாகத்தான் இருக்கும். ஒரு வினைச்சொல்லின் இறந்தகாலத்தைத் தப்பாகச் சொன்னால் அத்தா சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்ப்பார். நான் சரியாகச் சொல்லும்வரை கவளம் வாய்க்குப் போகாது. பிறகு சென்னைக்குப் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாரசீகத் தேர்வு எழுதினேன். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பதில் சொன்னவள் முகத்தை அவரும் பார்க்கவில்லை. தேறினேன். கல்யாணமானது. கணவர் சுலைமான் பினாங்கில் காகிதமும் புத்தகமும் விற்கிறவர். மூத்தவள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து, நகைப் பெட்டியை விடக் கனமான புத்தகப் பெட்டியோடு கப்பலேறினேன்.

இங்கே என் ஆராய்ச்சி சந்தையில்தான் நடக்கிறது. மலாய்க்காரர்கள் சந்தையைப் 'பாசார்' என்கிறார்கள், அது பாரசீக பாஜார். துறைமுகப் பட்டணம் 'பண்டார்', அது பந்தர். திராட்சை 'அங்கோர்', கோதுமை 'காந்தும்', சாப்பிடும் தட்டு 'பிங்கான்', எல்லாமே அங்கிருந்து கடலேறி வந்தவை. நாம் கந்தூரி என்கிறோம், இவர்கள் கெண்டூரி என்கிறார்கள், பாரசீகத்தில் அது சாப்பாட்டு விரிப்புக்குப் பேர். இரண்டு பேரும் ஒரே பாரசீக விரிப்பின் மேல்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இப்படி அகப்பட்ட சொற்களை அத்தாவுக்கு எழுதுவேன். அவர் மூல நூல்களோடு ஒத்துப் பார்த்து, ஒப்புக்கொண்டோ மறுத்தோ பதில் போடுவார்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அத்தாவும் சரி நானும் சரி, ஈரான் தேசத்து மனிதர் ஒருவரைக்கூட அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பாரசீகம் முழுக்கப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது. அந்த மொழியில் யாராவது இன்றைக்குப் பால் வாங்குகிறார்கள், பிள்ளையை அதட்டுகிறார்கள் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

என் மகள் மர்யத்துக்குப் பதினொரு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், தெருவில் மலாய் பேசுகிறாள், என்னிடம் மட்டும் தமிழ், அதிலும் மலாய் 'லா' ஒட்டிக்கொள்ளும். பாரசீக எழுத்தையாவது சொல்லித்தருகிறேன் என்று கூப்பிட்டால், "வேண்டாம்லா அம்மா. அதை நான் யார்கிட்டப் போய்ப் பேசறது?" என்பாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

2

ஒருநாள் காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, துறைமுகச் சுகாதார அலுவலகத்துக் கிராணி தங்கவேலு வாசலில் வந்து நின்றார். ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். அவர் என் கணவரின் கடையில் காகிதம் வாங்குகிறவர். 'என் வீட்டுக்காரி பாரசீகம் படித்தவள்' என்று என் கணவர் எப்போதோ அவரிடம் பெருமையடித்திருக்கிறார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றார் தங்கவேலு. "பம்பாய்க் கப்பல்ல ஒரு பொம்பளை வந்திருக்கு. கூட ஒரு பொம்பளப் புள்ள. புள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது, அங்கங்கே கொப்புளம். அது பேசறது ஒருத்தருக்கும் வெளங்கலை. இந்துஸ்தானி தெரிஞ்ச போலீஸ்காரரு பேசிப் பார்த்தாரு, ஆகலை. பாஸ்போர்ட்ல 'ஈரான்'னு போட்டிருக்கு. எங்க லிஸ்டுல அப்படி ஒரு நாடே இல்லலா. எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே தெரியலை."

"பாரசீகத்துக்கு இப்போ அதுதான் பேர். அந்த நாட்டுக்காரங்க எப்பவுமே அப்படித்தான் சொல்வாங்க," என்றேன்.

"அப்ப நீங்கதான் வரணும். டாக்டர் தொரை காத்திருக்காரு."

என் கணவர் கடையிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் பெருமையும் பயமும் மாறி மாறித் தெரிந்தன. "போயிட்டு வா ஹமீதா. நானும் வர்றேன்," என்றார். ரிக்‌ஷாவில் போகும் வழியெல்லாம் நான் மனதுக்குள் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டே போனேன். சென்னைத் தேர்வுக்குப் போன நாளில்கூட இப்படி இல்லை.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பெஞ்சில் கறுப்புப் போர்வை சுற்றிய ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை கண்ணை மூடிக் கிடந்தது. டாக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். யாரும் அவளை நெருங்கவில்லை.

நான் போய் எதிரில் நின்று, அத்தா கற்றுத்தந்தபடி முழு மரியாதையோடு பாரசீகத்தில் நலம் விசாரித்தேன். அவள் காதுக்கு அது, 'பெருமாட்டியே, தங்கள் திருமுகம் வாடிய காரணம் யாதோ' என்பதுபோல் விழுந்திருக்கும். திகைத்துப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அழுகையோடு பேச்சு மடை திறந்தது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இதை எப்படி எழுதுவது? இருபது வருஷம் படித்த மொழி, முகத்துக்கு நேரே, அடையாளம் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டியை 'நான்' என்றுதான் படித்திருந்தேன். அவள் 'நூன்' என்றாள். வீட்டை 'கானா' என்று படித்திருந்தேன். அவள் 'கூனே' என்றாள். சொற்களின் வால்களை எல்லாம் விழுங்கிவிட்டாள். மெதுவாக, மெதுவாக என்று கையால் கெஞ்சினேன். அவளும் புரிந்துகொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் பெயர் மாஹ்ருக். ஊர் ஷீராஸ். கணவர் சிங்கப்பூரில் கம்பளம் விற்கிறார், அவரிடம் போகிறாள். குழந்தை பெயர் நர்கிஸ்.

டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். தங்கவேலு அதைத் தமிழில் சொன்னார்: "இந்தக் கொப்புளம் எப்படி வந்திச்சுன்னு கேக்கச் சொல்றாரு. பெரியம்மைன்னா இப்பவே ஜெரெஜாக் தீவுக்கு அனுப்பணும். அங்க அம்மைக்காரங்க இருக்கிற கொட்டகையிலதான் சேர்ப்பாங்க."

நான் கேட்டேன். மாஹ்ருக் பதில் சொன்னாள்: "ஆப்லேஷோ கூபீதன்."

திரும்பவும் சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னாள்.

அவள் ஆப்லே என்பது புத்தகத்து ஆபிலா: கொப்புளம், அம்மை. கூபீதன் என்றால் அடித்தல், இடித்தல். அகராதிப்படி பார்த்தால், அம்மை தாக்கிவிட்டது. என் நாக்கு நுனிக்கு அந்த வாக்கியம் வந்துவிட்டது. ஆனால் மாஹ்ருக் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் பயம் இல்லை. பிள்ளைக்குப் பெரியம்மை கண்டதைச் சொல்கிற தாயின் முகம் அப்படியா இருக்கும்?

"என்ன சொல்லுது அக்கா? தொரை கேக்கறாரு," என்று தங்கவேலு அவசரப்படுத்தினார்.

"இருங்க."

"பெரியம்மையா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்களேன்."

"எனக்கு இன்னும் புரியலை. புரியாததை எப்படிச் சொல்றது?" என்றேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கணவர் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

வேறு வழியில்லாமல் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "ஆபிலா... அம்மை. கூபீதன்... இடிச்சாங்க. குத்தினாங்க. நெல்லுக் குத்தற மாதிரி. அம்மையை... குத்தினாங்க."

தங்கவேலு சட்டென்று நிமிர்ந்தார். "அம்மை குத்தினாங்களா? ஊசியா? அட, அதைச் சொல்லுங்க!"

அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. தமிழில் அம்மை குத்துவது என்றால் தடுப்புக்காகக் கீறி வைப்பது. பாரசீகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னது? எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நம் வழக்கை அவள் வாயில் நானே திணிக்கிறேனோ?

தங்கவேலு டாக்டர் பக்கம் திரும்பினார். அவரைக் கையமர்த்திவிட்டு மாஹ்ருக்கிடம் கேட்டேன்: "யார் குத்தியது?"

நோய்தான் தாக்கியது என்றால் யார் என்ற கேள்விக்கே இடமில்லை அல்லவா? அவள் உடனே சொன்னாள்: "டாக்டர். புஷேர் துறைமுகத்தில். பம்பாய்க்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால்."

"எதனால்?"

"நெஷ்தர்."

நிஷ்தர்! அந்தச் சொல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு பாட்டில் காதலியின் இமை முடியை நிஷ்தர் என்று புலவர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் என்ன அத்தா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டி கீற நாவிதர் வந்திருந்த நேரம். அத்தா என்னை அங்கே கூட்டிப்போய், அவர் கையிலிருந்த மெல்லிய சின்னக் கத்தியைக் காட்டி, "இதுதான்" என்றார். அன்றைக்கு அந்தக் கத்தியையும் இமையையும் சேர்த்து நினைத்து நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மாஹ்ருக் குழந்தையின் தொடையைத் திறந்து, பெரிய கொப்புளம் இருந்த இடத்தில் நகத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறுவதுபோல் காட்டினாள். மற்ற கொப்புளங்கள் சின்னச் சின்னதாய், விரல் எட்டுகிற இடங்களில் மட்டும் இருந்தன. குழந்தை விழித்துக்கொண்டு என்னிடம் கை நீட்டியது. நான் யோசிக்கவில்லை. தூக்கிக்கொண்டேன்.

3

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். கையில்தான் குத்துவார்கள் என்று கையைப் பார்த்திருக்கிறார். தொடையில் குத்துவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் புண்ணைக் குழந்தை சொறிந்து, அதே விரலால் மற்ற இடங்களிலும் பரப்பியிருக்கலாம். பெரியம்மையாகவும் இருக்கலாம். இப்போதைக்கு அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகையால் தீவுக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அம்மைக்காரர்களோடு இல்லை, தனி அறையில். புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தால் விடுதலை.

பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். தங்கவேலு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கான்னு கேக்கறாரு அக்கா. எல்லாருக்கும் அம்மை குத்தியிருக்கான்னு கேக்கறாரு."

மர்யத்துக்குக் குத்தியாகிவிட்டது. சின்னவன் காசிமுக்கு ஆறு வயது. இரண்டு தடவை குத்தியும் அவனுக்குப் பிடிக்கவில்லை, கையில் ஒன்றுமே எழும்பாமல் ஆறிப்போனது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். என் தோளில் நர்கிஸ் இன்னும் சாய்ந்திருந்தாள். அவளுடைய சூடு என் கழுத்தில் இருந்தது.

அங்கேயே எனக்குக் குத்தினார்கள். காசிமையும் வரவழைத்துக் குத்தினார்கள். அவனை எங்கேயும் அனுப்பாமல் பார்வையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். மர்யத்தை மட்டும் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். என் துணிகளை எல்லாம் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

என் கணவர் கோபக்காரர் இல்லை. அன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா எப்படிங்க சொல்றது? புஸ்தகத்துல இல்லை."

"அப்ப?"

"அவ முகத்தைப் பார்த்தேன். யார் குத்தினாங்கன்னு கேட்டேன், சொன்னா. எதாலன்னு கேட்டேன், அதையும் சொன்னா."

அவர் திரும்பிக் காசிமைப் பார்த்தார். "தப்பா இருந்தா?" என்றார்.

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. அகராதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கூபீதன்: கதவைத் தட்டுதல், முரசு கொட்டுதல், மருந்து இடித்தல், கோட்டையைத் தகர்த்தல். எத்தனையோ அர்த்தம், எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. அத்தாவுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் திருச்சிக்குப் போய்ப் பதில் வருவதற்குள் என் பிள்ளையின் தலையெழுத்து தெரிந்துவிடும் என்று தெரிந்தேதான் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெருவில் பேச்சு கிளம்பியது. பொம்பளை துறைமுகத்துக்குப் போய் நோயை வாங்கி வந்தாள் என்றார்கள். சித்தி என்ற எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் மட்டும் வழக்கம்போல் வந்து வாசலில் நின்று, "காசிம் நலமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள். வரச்சொல்லி நானும் கூப்பிடவில்லை.

4

ஒரு வாரம் கழித்து, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு எழுந்தபோது, காசிம் கூடத்தில் தரையில் படுத்திருந்தான். அந்நேரத்துக்குப் படுக்கிற பிள்ளையில்லை. தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

கடைக்கு ஆள் அனுப்பினேன். சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், உள்ளங்காலைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதிலும் நிம்மதியில்லை. பெரியம்மையில் காய்ச்சல்தான் முதலில் வரும், கொப்புளம் பிறகுதான் போடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா, கை வலிக்குது," என்றான் காசிம்.

"எந்தக் கைடா?"

"குத்தின கை."

பதற்றத்தில் கையைப் பார்க்க மறந்திருந்தேன். அவனைத் திருப்பி இடது கையைப் பார்த்தேன். மேல்கையில் குத்திய இடத்தில் ஒரு கொப்புளம் எழும்பி நின்றது. வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் விரலால் அமுக்கியதுபோல் ஒரு குழி. சுற்றிலும் சிவந்திருந்தது. இரண்டு தடவை பிடிக்காத அம்மைக்குத்து மூன்றாவது தடவை பிடித்துவிட்டது.

அந்தக் கொப்புளத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். நர்கிஸின் தொடையில். அவளுடையது இன்னும் முற்றியிருந்தது, மற்றபடி அச்சாக இதேதான்.

என் கணவர் ஓடி வந்தபோது நான் பிள்ளையின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இல்லைங்க, இல்லைங்க," என்றேன். "குத்தினது பிடிச்சிருக்கு. அந்தப் புள்ளைக்கும் இதேதான். அவ சொன்னது சரிதான்."

அவர் குனிந்து பார்த்தார். என்ன பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து நம்பினார். டாக்டரிடம் காட்டியபோது அவரும் அதையே சொன்னார். காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கியது.

5

மாஹ்ருக்கைத் தீவிலிருந்து படகில் கொண்டுவந்து இறக்கிய காலையில் நானும் போயிருந்தேன். இந்தத் தடவை மர்யத்தையும் கூட்டிப் போனேன். சிங்கப்பூரிலிருந்து அவள் கணவர் வந்திருந்தார். நர்கிஸ் தன் கால்களால் நடந்து வந்தாள்.

மாஹ்ருக் ஷீராஸில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நிதானமாகப் பேசினாள், எனக்காகச் சொற்களின் வால்களை விழுங்காமல். "நீங்கள் புத்தகம் மாதிரிப் பேசுகிறீர்கள்," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "சிங்கம் என்று சொல்லுங்கள்," என்றாள்.

"ஷேர்," என்றேன்.

"பால்?"

"ஷீர்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்கு இரண்டும் ஷீர்தான். முற்காலத்தில் வேறு வேறாகச் சொன்னார்கள் என்று படித்திருக்கிறேன். காதால் கேட்பது இப்போதுதான்."

அவள் கணவர் எந்த ஊரில் பாரசீகம் படித்தீர்கள் என்று விசாரித்தார். திருச்சிராப்பள்ளி என்றேன். அது ஈரானில் எந்தப் பக்கம் என்று கேட்டார். பினாங்கில் ஒன்பது வருஷமாக எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

திரும்பி வரும்போது மர்யம் கேட்டாள்: "அவங்க பேசினது உங்களுக்கு முழுசாப் புரிஞ்சுதாம்மா?"

"பாதிதான்."

"மீதிக்கு என்ன செஞ்சீங்க?"

"கேட்டேன்."

பாரசீகம் படிக்கிறேன் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கவலை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. தங்கவேலு இப்போது அலுவலகத்தில் என் பெயரைப் பாரசீக மொழிக்கென்று பதிந்து வைத்திருக்கிறாராம். கப்பல் சங்கு கேட்கும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். அடுத்து வருகிறவர் என்ன சொல்லோடு வருவாரோ, அது எனக்குப் புரியுமோ புரியாதோ.

அத்தாவின் பதில் போன வாரம் வந்தது. எங்கள் நலம் கேட்டு இரண்டு வரி. மீதி முழுக்க அந்தச் சொல்தான். கூபீதன் என்பதற்கு நான் சொல்லும் பொருள் எந்த நூலிலும் இல்லை என்கிறார். அம்மையை இடிப்பது என்பது பாரசீகமே அல்ல என்கிறார். தமிழ் வழக்கைக் கொண்டுபோய் நான் பாரசீகத்தில் ஊற்றியிருக்கிறேன், அல்லது வந்த பெண் படிப்பறிவில்லாதவளாக இருக்கவேண்டுமாம். கடைசியில் அவருடைய அழகான சாய்ந்த எழுத்தில், மாணவர்களுக்கு எழுதுவதுபோலவே எழுதியிருந்தார்: 'ஆதாரம் காட்டவும்.'

அவர் கேட்பது நியாயம்தான். ஒரு சொல்லுக்கு மேற்கோள் வேண்டும், யார் எழுதினார், எங்கே எழுதினார் என்று சொல்லவேண்டும். அப்படித்தான் எனக்கும் கற்றுக்கொடுத்தார். நீளமாக ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். மாஹ்ருக் ஆசிரியை என்பதையும், குழந்தை நலம் என்று சிங்கப்பூரிலிருந்து அவள் கடிதம் போட்டதையும் எழுதினேன், தமிழிலும் பாரசீகத்திலும் ஒரே எண்ணம் தனித்தனியே தோன்றியிருக்கலாமே என்று வாதாடினேன். படித்துப் பார்த்தால் அவரோடு சண்டை போடுவதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவரோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலையில் வேறொன்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, அவர் கேட்ட முறையிலேயே, மேற்கோள் காட்டும் வரிசையிலேயே பதில் சொல்லியிருக்கிறேன்.

'ஆதாரம்: நர்கிஸ், மாஹ்ருக்கின் மகள், வயது நான்கு. புஷேர் துறைமுகத்தில் குத்தப்பட்டது. உயிரோடு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாள்.'